தொகுதியும் பகுதியும்: நோய்க்கணக்கு படித்தவர் நாற்காலியில் அமர்ந்தால்

உங்கள் கேள்வியைச் சுருக்கினால் இதுதான்: சிங்கப்பூரில் பொதுச் சுகாதாரத்தில் முதுநிலை படிக்கிறீர்கள், தைவானில் நோய்ப்பரவல் ஆய்வாளர் ஒருவர் துணை அதிபராகவும் பிரதமராகவும் இருந்ததைப் படித்திருக்கிறீர்கள், அந்தப் படிப்பு அந்தப் பதவியில் எதற்காவது பயன்பட்டதா, இங்கே அப்படி ஒருவர் வர முடியுமா என்று கேட்கிறீர்கள். வெளியே தெரிவது இரண்டு கேள்வி. உள்ளே மூன்றாவது ஒன்றும் இருப்பதாகப் படுகிறது. ஆய்வுக்கூடத்தில் இருந்தபடி மாற்றம் கொண்டுவருவதா, அதிகாரம் இருக்கும் இடத்துக்கே போய்விடுவதா என்று நீங்களே யோசிக்கிறீர்கள் போலும். முதல் இரண்டுக்கும் பதில் சொல்லும்போது மூன்றாவதும் தானாக வந்துவிடும்.

நீங்கள் சொல்பவர் சென் சியென்-ஜென். அவரை மருத்துவர் என்று எண்ணுபவர்கள் நிறைய. அவர் மருத்துவம் படிக்கவில்லை. தேசிய தைவான் பல்கலைக்கழகத்தில் விலங்கியல், பிறகு பொதுச் சுகாதாரம், அதன்பின் 1982ல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம். ஒரு நோயாளியின் நாடியைப் பிடித்துப் பழகியவரல்லர். ஒரு வட்டாரத்தின் நாடியைப் பிடித்துப் பழகியவர். 2003 மே மாதம் சார்ஸ் என்ற மூச்சுத்தொற்று உச்சத்தில் இருந்தபோது சுகாதார அமைச்சரானார், 2005 வரை இருந்தார். 2006 முதல் 2008 வரை தேசிய அறிவியல் மன்றத்தின் தலைவர். 2016 மே முதல் 2020 மே வரை துணை அதிபர். 2023 ஜனவரி 31 முதல் 2024 மே 20 வரை பிரதமர். நடுநடுவே ஆய்வுக்குத் திரும்பிப் போய்க்கொண்டே இருந்தார்.

அவர் பதவிக்கு எதைக் கொண்டுபோனார் என்று தெரிய, முதலில் அவர் செய்த வேலையைப் பார்க்க வேண்டும். தைவானின் தென்மேற்குக் கரையோரத்தில் மேல்நிலத்து நீர் உப்புக் கரித்ததால் ஆழ்கிணறு தோண்டிக் குடித்தார்கள். அந்த நீரில் ஆர்செனிக். கால்விரல்கள் கறுத்து அழுகும் கருங்கால் நோய் அங்கே பரவலாக இருந்தது. நோயைக் கண்டவர்கள் ஏற்கெனவே இருந்தார்கள். அதே நீர் சிறுநீர்ப்பை, நுரையீரல், கல்லீரல் புற்றுநோய்களையும் கூட்டுகிறது என்று 1980களில் காட்டியவர்களில் சென்னும் அவர் குழுவினரும் முக்கியமானவர்கள். எப்படிக் காட்டுவது? ஒருவர் குடித்த நீரில் எவ்வளவு ஆர்செனிக், எத்தனை ஆண்டு குடித்தார், இரண்டையும் பெருக்க வேண்டும். லிட்டருக்கு 0.7 மில்லிகிராம் இருந்த கிணற்றில் 20 ஆண்டு குடித்தவருக்கு 14 மில்லிகிராம்-ஆண்டு என்று கணக்கு. கேட்க எளிது. செய்யப் போனால் ஒரே ஊரில் பல கிணறுகள். ஒவ்வொன்றிலும் வேறு அளவு. கல்யாணமாகி வேறு ஊர் போனவர் உண்டு. கிணறு மூடிக் குழாய்நீர் வந்த ஆண்டு யாருக்கும் சரியாக நினைவில்லை. ஆகவே கிராமத்துக் கிணறுகளின் நடு அளவை அந்த ஊர்க்காரர் எல்லாருக்கும் வைப்பார்கள். இந்தக் கலக்கம் நோயுள்ளவர், இல்லாதவர் இருவருக்கும் ஒரே மாதிரி இருந்தால், உண்மையான தொடர்பு பெரும்பாலும் மெலிந்துதான் தெரியும். அப்படியும் தொடர்பு தெளிவாகத் தெரிந்தது என்பதே அதன் பலம். உலகச் சுகாதார நிறுவனம் 1993ல் குடிநீருக்கான ஆர்செனிக் வரம்பை லிட்டருக்கு 50 மைக்ரோகிராமிலிருந்து 10க்கு இறக்கியது. அமெரிக்கா 2001ல் அதே 10ஐ முடிவு செய்தபோது தைவானின் எண்கள்தான் மேசையில் இருந்த முக்கியச் சான்று. (நம் கட்டுமானத் தளங்களில் வேலை செய்யும் வங்காளதேசத் தம்பிகளில் பலரின் கிராமத்துக் குழாய்க் கிணறுகளுக்கும் இதே கணக்குத்தான்.)

இரண்டாவது வேலை கல்லீரல் அழற்சி பி (ஹெபடைடிஸ் பி) பற்றியது. 1991, 1992ல் ஏழு வட்டாரங்களில் 30 முதல் 65 வயதுக்குட்பட்ட 23,820 பேரைச் சேர்த்தார்கள். அவர்களில் கிருமி உடலிலேயே தங்கிவிட்ட 3,653 பேரின் இரத்தத்தை மைனஸ் 70 டிகிரி செல்சியஸ் குளிரில் உறையவைத்து வைத்திருந்தார்கள். கிருமியின் அளவைத் துல்லியமாக எண்ணும் சோதனை பின்னால் நன்கு வளர்ந்த பிறகு அந்தப் பழைய குப்பிகளை வெளியே எடுத்தார்கள். ஒவ்வொருவரையும் சராசரி 11.4 ஆண்டு தொடர்ந்ததில் மொத்தம் 41,779 ஆள்-ஆண்டுகள் (ஒருவரை ஓராண்டு தொடர்ந்தால் ஓர் ஆள்-ஆண்டு); 164 பேருக்குக் கல்லீரல் புற்றுநோய். கிருமி அளவு கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்தவர்களில் 100,000 ஆள்-ஆண்டுக்கு 108 பேர். மில்லிலிட்டர் இரத்தநீருக்குக் கிருமியின் மரபுப்பொருள் ஒரு மில்லியன் படிகளுக்கு (நகல்களுக்கு) மேல் இருந்தவர்களில் 1,152 பேர். 2006 ஜனவரியில் வெளிவந்த இந்த முடிவு, மருந்து யாருக்கு எப்போது தொடங்குவது என்ற வரையறைகளுக்குள் போய் உட்கார்ந்தது. 10,000 படி, அதாவது சுமார் 2,000 சர்வதேச அலகு, என்ற எல்லைக்கோடு அங்கிருந்து வலுப்பெற்றதுதான்.

இதையெல்லாம் இவ்வளவு நீட்டிச் சொல்லக் காரணம் உண்டு. பள்ளியில் பின்னம் படித்தபோது மேலே இருப்பது தொகுதி, கீழே இருப்பது பகுதி என்று சொல்லித் தந்தார்கள். நோய்ப்பரவலியல் என்பது பெரும்பாலும் கீழே இருக்கும் பகுதியைப் பற்றிய படிப்பு. 164 பேருக்குப் புற்றுநோய் என்பது செய்தி. எத்தனை ஆள்-ஆண்டில் 164 என்பதுதான் அறிவு. அரசியலிலோ தொகுதிதான் எல்லாம், இரண்டு பொருளிலும். நாற்காலிக்குப் போன பொதுச் சுகாதார அறிவியலாளரின் பாடெல்லாம் இந்த இரண்டுக்கும் நடுவில்தான்.

சார்ஸ் காலத்துக் கணக்கையே பாருங்கள். 2003 ஏப்ரல் 24ல் தைப்பேயின் ஹொபிங் மருத்துவமனை உள்ளிருந்தவர்களோடு சேர்த்து மூடப்பட்டது. மே மாதம் அமைச்சர் பதவி விலகினார். அந்த இடத்துக்கு வந்தவர் சென். தைவானின் சார்ஸ் எண்ணிக்கை அந்த ஆண்டு ஜூலையில் 671. பிறகு ஆய்வுக்கூட முடிவுகளை வைத்து மறுபரிசீலனை செய்து 325 பேரைப் பட்டியலிலிருந்து எடுத்தார்கள், 346 ஆனது. எடுக்கப்பட்ட 325 பேரில் 135 பேருக்கு ஆய்வுக்கூடத் தகவல் போதவில்லை, அந்த 135ல் 101 பேர் இறந்துபோனவர்கள். அதாவது அவர்களுக்கு இருந்தது சார்ஸ்தானா என்று இனி உறுதி செய்ய வழியில்லை. உலகச் சுகாதார நிறுவனத்தின் இறுதிப் பட்டியலில் தைவானுக்கு 346 பேர், 37 மரணம், சுமார் 11 விழுக்காடு. சிங்கப்பூருக்கு 238 பேர், 33 மரணம், சுமார் 14 விழுக்காடு. இதை வைத்துத் தைவானில் சிகிச்சை நன்றாக இருந்தது என்று எழுதினால் உங்கள் பேராசிரியர் தாளைத் திருப்பித் தருவார். அந்த 101 பேரை எந்தப் பக்கம் வைப்பது என்பதைப் பொறுத்து விழுக்காடு தலைகீழாக மாறும். "சந்தேகத்துக்குரியவர்", "சாத்தியமானவர்", "உறுதியானவர்" என்ற மூன்று சொல்லுக்கும் வரையறை எழுதுபவர் யாரோ அவர் கையில்தான் அன்றைய மாலைச் செய்தி இருக்கிறது. படிப்பு நேரடியாகக் கைகொடுக்கும் இடம் இது.

இன்னொன்று, நோய் வளைகோடு. அமைச்சரின் மேசைக்குத் தினமும் வரும் வரைபடத்தில் கிடைக்கோட்டில் எந்தத் தேதி என்று முதலில் பார்க்க வேண்டும். தகவல் வந்த தேதியைப் போட்டிருந்தால் ஞாயிற்றுக்கிழமை தாழ்வதும் செவ்வாய்க்கிழமை எழுவதும் அலுவலக நேரத்தைக் காட்டும், நோயைக் காட்டாது. அறிகுறி தொடங்கிய தேதியைப் போட்டிருந்தால் வேறொரு பொறி: நேற்று காய்ச்சல் கண்டவர் இன்னும் மருத்துவரிடமே போயிருக்கமாட்டார், ஆகவே கடைசி நாலைந்து நாள் எப்போதும் இறங்குவது போலத்தான் தெரியும். தெரியாத அமைச்சர் அந்த இறக்கத்தைக் காட்டி நிருபர்கள் முன் நம்பிக்கை தெரிவித்துவிடுவார். அடுத்த வாரம் அதே நாள்களின் உயரம் கூடியிருக்கும். தெரிந்த அமைச்சர் கடைசி ஐந்து நாளைச் சாம்பல் நிறத்தில் போடச் சொல்வார்.

"முடிந்துவிட்டது" என்று எப்போது சொல்லலாம் என்பதும் கணக்குத்தான். சார்ஸுக்குக் கிருமி புகுந்து அறிகுறி காட்ட அதிகபட்சம் 10 நாள் என்று வைத்துக்கொண்டார்கள். அதன் இரு மடங்கு, 20 நாள், உள்ளூரில் புதிதாக ஒருவரும் இல்லையென்றால்தான், நோய் பரவும் இடங்கள் என்று உலகச் சுகாதார நிறுவனம் வைத்திருந்த பட்டியலிலிருந்து நீக்கம். சிங்கப்பூர் மே 31லும் தைவான் ஜூலை 5லும் அப்படித்தான் நீங்கின. பன்னிரண்டாவது நாளிலேயே கடைக்காரர்களும் விமான நிறுவனங்களும் அழுத்தம் தருவார்கள். இரு மடங்கு ஏன் என்று அமைச்சருக்கே தெரிந்திருந்தால், மீதி எட்டு நாளைத் தாங்குவது கொஞ்சம் எளிது.

ஆனால் கணக்குத் தெரிந்தாலும் கைவிட முடியாதவை உண்டு. காய்ச்சல் சோதனையை எடுத்துக்கொள்ளுங்கள். 100,000 பயணிகளில் 10 பேருக்கு நோய் என்றும், சோதனை அவர்களில் 9 பேரைப் பிடிக்கிறது என்றும், நோயில்லாதவரில் நூற்றுக்கு இரண்டு பேரைத் தவறாக நிறுத்துகிறது என்றும் வைத்துக்கொள்வோம். நிறுத்தப்பட்டவர் சுமார் 2,009. அவர்களில் நோயாளி 9. இருநூறுக்கு ஒன்று கூடத் தேறாது. 2003ல் தைவான் 130,000க்கும் மேற்பட்டோரைத் தனிமைப்படுத்தியதில் நோய் வெளிப்பட்டவர் மிகச் சொற்பம். இங்கேயும் அந்த ஆண்டு பள்ளிப் பிள்ளைகள் கையில் வெப்பமானியோடு தினம் இரண்டு முறை காய்ச்சல் பார்த்துக் குறித்தார்கள். வீண்வேலை என்று அறிவியலாளர் சொல்லலாம். பெற்றோர் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பினார்கள் என்பதும் ஒரு பயன்தான், அது எந்த ஆய்வுத் தாளின் அட்டவணையிலும் வராது. என் பார்வையில், பதவிக்குப் போகும் ஆய்வாளர்கள் கற்க வேண்டிய முதல் பாடம் இது. பலர் கற்பதில்லை.

துணை அதிபராக அவர் செய்த பெரிய வேலைக்கும் கிருமிக்கும் சம்பந்தமில்லை. ஓய்வூதியச் சீர்திருத்தக் குழுவுக்குத் தலைமை தாங்கினார். பழைய அரசாங்க ஊழியர், ஆசிரியர்களின் சேமிப்புக்கு 18 விழுக்காடு வட்டி கொடுக்கும் ஏற்பாடு ஒன்று தைவானில் இருந்தது. ஓய்வூதியக் கணக்கின் அடியில் இருப்பது ஆயுள் அட்டவணை. இந்த வயதில் உயிரோடு இருப்பவர் அடுத்த வயதைத் தொட எத்தனை வாய்ப்பு என்ற வரிசை. புற்றுநோய் ஆய்வில் நாம் தினம் புழங்கும் அதே அட்டவணைதான். ஆயுள் கூடக் கூட நிதி வற்றும் என்று அவருக்கு விளக்க யாரும் தேவைப்பட்டிருக்காது. ஆனால் தெருவில் வந்து முழக்கமிட்ட ஓய்வுபெற்றவர்களுக்கு அது வாக்குறுதி மீறல். 2018 ஜூலை 1ல் புதிய முறை நடப்புக்கு வந்தது, 18 விழுக்காடு படிப்படியாகப் போனது, கோபம் போகவில்லை. கணக்குச் சரியாக இருப்பதும் நியாயம் என்று எதிரில் இருப்பவர் ஒப்புவதும் வேறுவேறு.

பிரதமராக இருந்த ஒன்றேகால் ஆண்டில் அவரை அதிகம் அலைக்கழித்தவற்றில் ஒன்று முட்டை. பறவைக்காய்ச்சலும் தீவன விலையும் சேர்ந்து 2023 தொடக்கத்தில் தட்டுப்பாடு. வெளிநாட்டிலிருந்து முட்டை வரவழைத்தார்கள். பிறகு உள்ளூர் உற்பத்தி மீண்டது, வரவழைத்தவற்றில் மில்லியன் கணக்கானவை காலாவதியாகி அழிக்கப்பட்டன, லேபிள் தேதி பற்றிச் சர்ச்சை வெடித்தது, செப்டம்பரில் வேளாண் அமைச்சர் பதவி விலகினார். ஆயிரக்கணக்கானோரை ஆண்டுக்கணக்கில் தொடரும் உலகத்தரமான கோஹார்ட் ஆய்வு நடத்தியவரின் அரசாங்கம் முட்டையில் வழுக்கியது. சிரிக்க வேண்டாம், பற்றாக்குறை தெரியும் நாளில் வாங்கும் சரக்கு, பற்றாக்குறை தீர்ந்த நாளில்தான் கரைசேரும். முகக்கவசத்திலும் தடுப்பூசியிலும் இதே தாமதம்தான் எல்லா நாட்டையும் கடித்தது.

இனி, எது உறுதி, எது ஐயம். அவருடைய ஆய்வுகளின் முடிவுகள் உறுதி. சார்ஸுக்குப் பின் தைவான் தொற்றுநோய்ச் சட்டத்தைத் திருத்தி, 2004ல் தேசியச் சுகாதாரக் கட்டளை மையத்தை அமைத்தது உறுதி. அப்போது அமைச்சர் அவர் என்பதும் உறுதி. கொவிட்-19ன் முதல் இரண்டு ஆண்டில், 2021 முடிவு வரை, அங்கு மரணம் ஆயிரத்தைத் தொடவில்லை. அது துணை அதிபர் நோய்ப்பரவல் ஆய்வாளர் என்பதாலா? அப்படிச் சொல்லச் சான்று போதாது. தினமும் மக்கள் முன் வந்து பேசிய சுகாதார அமைச்சர் சென் ஷி-சுங் பல் மருத்துவப் பின்னணி உடையவர். தீவு, மூடக்கூடிய எல்லை, சார்ஸ் நினைவு, முகக்கவசத் தொழிற்சாலைகள், எல்லாருக்கும் ஒரே மருத்துவக் காப்புறுதி என்பதால் ஓரிடத்தில் இருந்த தரவு என்று காரணங்கள் பல பின்னிக் கிடக்கின்றன. 2022ல் ஓமிக்ரான் வந்தபோது மரணம் பத்தாயிரத்தைத் தாண்டியது. அப்போது அவர் பதவியில் இல்லை. நல்லதை அவர் கணக்கிலும் கெட்டதை அவர் இல்லாமையின் கணக்கிலும் எழுதலாமென்றால், ஒரே ஒரு ஆளை வைத்துக் காரணம் கற்பிக்கும் தப்பை நாமே செய்கிறோம். மேலே வந்த ஆய்வாளர்களைத்தான் நாம் பார்க்கிறோம், போய்த் தோற்றவர்கள் கண்ணில் படுவதில்லை என்ற தேர்வுப் பிழையும் கூடவே இருக்கிறது.

இங்கே முடியுமா என்ற கேள்விக்கு வருகிறேன். தைவானில் அமைச்சராக நாடாளுமன்ற உறுப்பினராக இருக்கத் தேவையில்லை. சொல்லப்போனால் இரண்டையும் சேர்த்து வைத்திருக்கவே கூடாது. பிரதமரை அதிபர் நியமிக்கிறார். அதனால்தான் ஒரு பேராசிரியரை நெருக்கடியில் அழைத்து நேராக அமைச்சர் நாற்காலியில் உட்காரவைக்க முடிந்தது. நார்வேயிலும் அப்படித்தான்: ஹார்வர்டில் பொதுச் சுகாதாரம் படித்த குரோ ஹார்லெம் புருண்ட்லாண்ட் 1974ல் சுற்றுச்சூழல் அமைச்சரானபோது இன்னும் நாடாளுமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்படவில்லை, 1981ல் பிரதமரே ஆனார். சிங்கப்பூரில் அமைச்சரை நாடாளுமன்ற உறுப்பினர்களிலிருந்துதான் எடுக்க வேண்டும். முதலில் தொகுதி, பிறகுதான் மற்றது. வேட்பாளர் வைப்புத்தொகை 2025 தேர்தலில் தலைக்கு 13,500 சிங்கப்பூர் வெள்ளி. பதிவான செல்லுபடியான வாக்குகளில் எட்டில் ஒரு பங்கு கிடைக்காவிட்டால் போய்விடும். நியமன நாடாளுமன்ற உறுப்பினர் என்ற வாசல் உண்டு, அதிகபட்சம் ஒன்பது பேர். ஆனால் வரவுசெலவு மசோதாவிலும் அரசியலமைப்புத் திருத்தத்திலும் நம்பிக்கையில்லாத் தீர்மானத்திலும் அவர்களுக்கு வாக்கு இல்லை.

மருத்துவமும் அறிவியலும் படித்தவர்கள் இங்கே மேலே வராமல் இல்லை. தோ சின் சாய் உடலியல் அறிவியலாளர். 1959 முதல் துணைப் பிரதமர், 1975 முதல் 1981 வரை சுகாதார அமைச்சர். நரம்பியல் அறுவை மருத்துவர் பாலாஜி சதாசிவனை நம்மில் பலருக்கு நினைவிருக்கும். மூத்த துணை அமைச்சராக இருந்தார், உலகச் சுகாதார நிறுவனத்தின் நிர்வாக வாரியத்துக்கும் தலைமை தாங்கினார். ஆனால் நெருக்கடியில் இங்கே பழகிய முறை வேறு. நாற்காலியில் அரசியல்வாதி, பக்கத்தில் நிபுணர். 2003ல் சுகாதார அமைச்சர் லிம் ஹங் கியாங் பொறியியல் படித்தவர்; மருத்துவச் சேவைகள் இயக்குநராகப் பக்கத்தில் இருந்தவர் மருத்துவரான டான் சோர் சுவான். கொவிட் பணிக்குழுவை முதலில் நடத்திய கான் கிம் யோங்கும் லாரன்ஸ் வோங்கும் மருத்துவர்கள் அல்லர். பக்கத்தில் மருத்துவச் சேவைகள் இயக்குநர் கென்னத் மாக். 2025 ஏப்ரலில் தொற்றுநோய்களுக்கென்றே தனி அமைப்பு தொடங்கியதும் இந்த முறையை இன்னும் கெட்டியாக்குகிறது. எனக்கு இதில் குறையொன்றும் தெரியவில்லை. பக்கத்தில் இருப்பவர் வேண்டாம் என்று சொல்லவும் பதவி போகாமல் இருக்கவும் முடிகிற வரை இது நன்றாகவே வேலை செய்யும்.

ஆகவே உங்கள் மூன்றாவது கேள்விக்கு: இரண்டு பாதைக்கும் முதல் பத்தாண்டு ஒன்றுதான். ஏதாவது ஒரு நோயில், ஒரு தரவில், உங்கள் பெயரைச் சொன்னால் துறையில் தெரியும் அளவுக்கு ஆழமாகப் போங்கள். சென் 2003ல் அழைக்கப்பட்டதற்குக் காரணம் இருபதாண்டு ஆய்வு. கூடவே சுகாதாரப் பொருளியலும் வரவுசெலவுத் திட்டம் படிப்பதும் பழகுங்கள், பட்டப்படிப்பில் இவற்றைத்தான் பலர் தவிர்க்கிறார்கள். அரசியல் உங்களுக்கு ஒத்துவருமா என்று பார்க்கத் தேர்தல் வரை காத்திருக்க வேண்டாம். உங்கள் வட்டாரத்தில் வாரம் ஒரு மாலை நாடாளுமன்ற உறுப்பினர் நடத்தும் மக்கள் சந்திப்பு நிகழ்ச்சிக்குத் தொண்டூழியராகப் போங்கள். வருபவர் சொல்வதைக் கேட்டு வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்துக்கோ மனிதவள அமைச்சுக்கோ கடிதம் எழுதித் தருவதுதான் வேலை. ஒருவருக்குச் சுமார் கால் மணி நேரம். ஆறு மாதம் செய்து பாருங்கள். பின்னால் காத்திருக்கும் முப்பது பேரையும் மறந்து எதிரே இருக்கும் ஒருவரின் வாடகைப் பாக்கியில் மனம் ஒன்றுகிறதா, அல்லது இந்தப் புளோக்கில் இப்படி எத்தனை பேர் இருப்பார்கள் என்று விரல் எண்ணத் தொடங்குகிறதா என்று கவனியுங்கள். இரண்டாவது என்றால் முனைவர் பட்ட விண்ணப்பத்தை இந்த ஆண்டே அனுப்பிவிடுங்கள்.